அரிசி மில் கழிவுநீர்: கட்டணமா, கடனா, பொது நிலையமா?

சிறுபோக அறுவடை முடிந்த கையோடு ஒரு நாள் கிழக்கிலங்கையின் சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி மில்லின் பின்வாசலில் நின்றிருந்தேன். நெல் ஊறிய தொட்டியின் அடைப்பை அப்போதுதான் திறந்துவிட்டிருந்தார்கள். தேத்தண்ணிச் சாயம் போலத் தண்ணீர், மேலே நுரை, புளித்துப்போன பழங்கஞ்சியின் வாடை. ஐந்து நிமிடத்தில் வாய்க்கால் முழுக்க அதே நிறம். மில்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “நெல்லு ஊறின தண்ணிதானே தம்பி, இதில என்ன நஞ்சு?”

ஒருவகையில் அவர் சொன்னது சரி. அந்தத் தண்ணீரில் இருப்பது பெரும்பாலும் நெல்லிலிருந்து கரைந்த மாப்பொருளும் சர்க்கரையும்தான். ஆனால் அவற்றைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் உள்ள ஒட்சிசனை இழுத்துக்கொள்கின்றன. மீனுக்கு மிஞ்சுவதில்லை. இந்த இழுப்பை அளக்கிற கணக்குக்குத்தான் உயிரிரசாயன ஒட்சிசன் தேவை, சுருக்கமாக பி.ஓ.டி., என்று பெயர்.

இந்தப் பக்கத்தில் மில்காரர், மீனவர் சங்கத்தார், உள்ளூராட்சி சபை உறுப்பினர் யாரோடு பேசினாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து முட்டுகிறோம். கழிவைக் குறைக்க அரசின் நிதிக்கொள்கையில் எந்த வழி நமக்குப் பொருந்தும்? இப்போதிருக்கும் உரிமத்தையும் தண்டப்பணத்தையும் இறுக்கினால் போதுமா? கழிவின் சுமைக்கு ஏற்பக் கட்டணம் போடுவதா? குறைந்த வட்டிக் கடனும் வரிச் சலுகையும் கொடுப்பதா? இல்லை, பொதுப்பணத்தில் ஒரு கூட்டுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டிவிடுவதா? நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

எதை வைத்து எடை போடுவது

முதலாவது, அளவு. கழிவை அளக்க யார் போவார்கள்? பி.ஓ.டி. சோதனைக்கு ஐந்து நாள் எடுக்கும். மாதிரித் தண்ணீரைக் குளிரில் வைத்து, காலம் கடத்தாமல் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இதைச் செய்ய ஆளில்லாத ஊரில் எவ்வளவு அழகான வரியும் காகிதத்தோடு நின்றுவிடும்.

இரண்டாவது, ஓட்டச் செலவு. சுத்திகரிப்புத் தொட்டி கட்டுவது ஒருநாள் கூத்து. காற்றூட்டும் மோட்டார் ஓடுவது தினமும். அந்த மின்சார பில்லைக் கட்ட மில்காரருக்கு என்ன காரணம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

மூன்றாவது, பணப்பை. வசூலாகும் காசு சபையில் தங்குமா, திறைசேரிக்குப் போய்க் கலந்துவிடுமா?

நாலாவது, பருவம். நம் பகுதிக்கே உரிய இந்த அளவுகோலை வெளியூர் நிபுணர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். மட்டக்களப்பு வாவி ஏறாவூர்ப் பக்கமிருந்து கல்முனை வரை ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. கடலோடு அது சேர்வது பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும்தான். மாரியில் வெள்ளம் வந்து முகத்துவாரம் உடைந்தால் எல்லாம் அடித்துக்கொண்டு போகும். கோடையில் மணல் திட்டு அடைத்துவிட்டால் வாவி ஒரு பெரிய தொட்டி. சிறுபோக நெல் வந்து மில்கள் இரவு பகலாகப் புழுக்குவதும் அந்த மாதங்களில்தான். மார்கழியில் விடும் நூறு லீற்றரும் ஆவணியில் விடும் நூறு லீற்றரும் ஒன்றாகாது.

சின்ன மில்கள் தாங்குமா என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அதைப் பற்றிப் பேசப்படும் பயம் உண்மையான கணக்கைவிடப் பெரியது. கீழே காட்டுகிறேன்.

முதல் வழி: உரிமமும் தண்டமும்

இது ஏற்கெனவே இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம், 1988இல் அது திருத்தப்பட்டபோது வந்த சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம், அதன்கீழ் வெளியேற்ற நியமங்கள். உள்நாட்டு நீர்நிலையில் விடும் தொழிற்சாலைக் கழிவுநீரில் பி.ஓ.டி. லீற்றருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. சிறிய தொழில்கள் சிலவற்றுக்கு இந்தப் பத்திரத்தை வழங்கும் பொறுப்பு உள்ளூராட்சி சபைகளிடமே விடப்பட்டிருக்கிறது.

சட்டம் இருக்கிறது, பல் இல்லை. அபராதத்தையும் கட்டணத்தையும் ரூபாக் கணக்கில் எழுதி வைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வியாபார உரிமக் கட்டணத்துக்கு 1,000 ரூபா என்று உச்சவரம்பு வைத்தது. அன்றைக்கு அது கனமான காசு. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம், முந்திய வருடத்தோடு ஒப்பிட்டால், 69.8 சதவீதம். இப்படிப்பட்ட வருடங்களைத் தாண்டிவந்த பிறகு அந்த ஆயிரம் ரூபாவுக்கு ஒரு மூடை உமிகூடத் தேறுமா என்று மில்காரரிடம்தான் கேட்க வேண்டும். அதைவிட மோசம், நாளைக்கு ஒரு தொன் ஊறவைப்பவருக்கும் முப்பது தொன் ஊறவைப்பவருக்கும் ஏறக்குறைய ஒரே தொகை.

மறைந்திருக்கும் செலவு நீதிமன்றத்தில் இருக்கிறது. தவணை மேல் தவணை போகும். அதற்குள் இரண்டு போகம் முடிந்துவிடும். அதிகாரிக்கும் மில்காரருக்கும் இடையில் ‘பேசித் தீர்த்துக்கொள்ளும்’ இடைவெளியும் அங்கேதான் பிறக்கிறது.

ஆனாலும் ஒரு இடத்தில் இந்த வழிக்கு மாற்றே இல்லை. பழைய பற்றரி அமிலம், கழிவு எண்ணெய், பார உலோகம் கலந்த சாயம் போன்றவற்றுக்கு விலை பேசக்கூடாது. அங்கே தடைதான், தண்டம்தான், பூட்டுத்தான். ஊறல் தண்ணீர் வேறு விஷயம். அது அளவைப் பொறுத்துக் கெடுதி.

இரண்டாவது வழி: சுமைக்கேற்ற கட்டணம்

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு கணக்குப் போடுவோம். நாளொன்றுக்கு 10 தொன் நெல் ஊறவைக்கும் நடுத்தர மில் ஒன்று. கிலோவுக்கு 1.2 லீற்றர் வீதம் 12,000 லீற்றர் தண்ணீர் வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பி.ஓ.டி. லீற்றருக்கு 1,000 மில்லிகிராம் என்றால் ஒரு நாள் சுமை 12 கிலோ. ஒரு ஆளின் ஒரு நாள் கழிவுநீருக்கு 60 கிராம் என்று கணக்கெடுப்பது ஐரோப்பிய வழக்கம். அப்படிப் பார்த்தால் அந்த ஒரு மில், இருநூறு பேரின் வீட்டுக் கழிவை வாய்க்காலில் விடுவதற்குச் சமம்.

கிலோ சுமைக்கு 100 ரூபா என்று ஒரு கட்டணம் போட்டால் நாளுக்கு 1,200 ரூபா, நூறு நாள் ஓடினால் 1,20,000 ரூபா. உரிமக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் நெல்லில் பிரித்துப் பாருங்கள்: கிலோவுக்கு 12 சதம். நூறு கிலோ நெல்லில் 65 கிலோ அரிசி தேறும் என்றால் அரிசிக் கிலோவுக்கு 19 சதத்துக்கும் குறைவு. ‘அரிசி விலை ஏறிவிடும்’ என்று யாராவது கூட்டத்தில் மேசையைத் தட்டினால் இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். அரிசிக்கு அரசு உச்ச சில்லறை விலை வைத்திருக்கும் காலங்களில் மில்காரர் கட்டணத்தை அரிசியில் ஏற்ற முடியாமல் நெல் வாங்கும் விலையில் கழிப்பார் என்ற பயம் நியாயமானது. ஆனால் கழித்தாலும் 12 சதம்தான்.

சரி, யார் அளப்பது? மில்லுக்கு மில் போத்தலோடு ஓட வேண்டியதில்லை. ஊறவைத்த நெல்லின் தொன் கணக்கை வைத்து ஒரு அனுமானச் சுமையைப் போடலாம். “என்னுடையது அவ்வளவு இல்லை” என்பவர் தன் செலவில் சோதித்து நிரூபித்தால் கட்டணம் குறையும். அளக்கும் சுமை சபையின் தோளிலிருந்து மில்காரரின் தோளுக்கு மாறிவிடும். ஆய்வுகூடத்துக்கு அலைய வேண்டியதும் இல்லை: தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலேயே இருக்கிறது, மட்டக்களப்புக்காரருக்கு வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம். சீனாவில் 2018 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள சுற்றாடல் பாதுகாப்பு வரிச் சட்டத்திலும் இப்படி ஒரு படி உண்டு. நியமத்தைவிட 30 சதவீதம் குறைவாக வெளியேற்றினால் வரியில் கால்வாசி தள்ளுபடி, 50 சதவீதம் குறைத்தால் பாதி.

நமக்கு இன்னும் நெருக்கமான பாடம் மலேசியாவின் பாமாயில் ஆலைகள். அங்கேயும் விவசாய விளைபொருள், அங்கேயும் கொழுத்த கழிவுநீர். 1977இல் வந்த விதிகள் பி.ஓ.டி. எல்லையை 1978இல் லீற்றருக்கு 5,000 மில்லிகிராமில் தொடங்கி, 1981இல் 500க்கும் 1984இல் 100க்கும் படிப்படியாக இறக்கின. கூடவே சுமைக்கேற்ற உரிமக் கட்டணம்: பி.ஓ.டி. சுமையில் தொன்னுக்கு 10 ரிங்கிட், எல்லை தாண்டிய பகுதிக்கு 100 ரிங்கிட். முதல் வருடம் காசு கட்டி எல்லையைத் தாண்டலாம். அடுத்த வருடம் எல்லை கட்டாயமானது. ஆலைகள் பெருகிக்கொண்டே போன காலத்தில் ஆற்றில் விழும் சுமை மளமளவென்று குறைந்தது. கட்டணம் பெரிதாக இருந்ததால் நடந்த காரியமாக எனக்குத் தெரியவில்லை. எந்த வருடம் எது வரும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்ததுதான் வேலை செய்தது.

மறைந்த செலவுகள் இரண்டு. ஒன்று சட்டம். அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரைப்படி நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த உள்ளூராட்சி சபையும் வரியோ அறவீடோ விதிக்க முடியாது. ஆகவே சபைத் தவிசாளர் நினைத்த மாத்திரத்தில் தீர்மானம் போட்டு வசூலிக்கலாம் என்று யாரும் கனவு காண வேண்டாம். இரண்டாவது பணப்பை. அந்த மில்காரருக்கு 12 சதக் கணக்கைக் காட்டியபோது அவர் தொகையைப் பற்றி வாயே திறக்கவில்லை. “அந்தக் காசு எங்க போகும்?” என்றுதான் கேட்டார். 2018 சட்டத்தோடு சீன மத்திய அரசு தன் பங்கை விட்டுக்கொடுத்து, வரி முழுவதையும் உள்ளூர் அரசுகளுக்கே ஒதுக்கியது. நம் ஊரில் கட்டணம் பொதுத் திறைசேரியில் விழுந்து, வாய்க்கால் அப்படியே கிடந்தால் அடுத்த வருடமே தொன் கணக்கு பாதியாகக் காட்டப்படும். வேறு ஒன்றும் நடக்காது.

இன்னொன்று, சந்தர்ப்பம் வந்ததால் சொல்கிறேன். வாழைச்சேனைக் கடதாசி ஆலை போல அரசுக்கே சொந்தமான தொழிற்சாலையிடம் அரசு கட்டணம் வாங்குவது, இடது சட்டைப்பையிலிருந்து எடுத்து வலது பையில் போடுவது. நட்டத்தை எப்படியும் திறைசேரி ஈடுகட்டும் என்று தெரிந்த முகாமையாளருக்குக் கட்டணம் உறைக்காது. அங்கே விலையைவிட நேரடி உத்தரவே மேல்.

மூன்றாவது வழி: கடனும் வரிச் சலுகையும்

மில்காரர்களுக்கு மிகவும் பிடித்த வழி, காரணம் சொல்லத் தேவையில்லை. இலங்கைக்கு இது புதிதும் அல்ல. 1990களின் நடுவில் ஜேர்மன் உதவியோடு மாசுக் கட்டுப்பாட்டு நிதியம் ஒன்றும், அதன்பின் ஜப்பான் நிதியோடு ‘ஈ-பிரெண்ட்ஸ்’ கடன் திட்டமும் தொழிற்சாலைகளுக்குச் சலுகை வட்டியில் கடன் கொடுத்தன.

வரிச் சலுகையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். கம்பனி வருமான வரியின் பொது வீதம் 30 சதவீதம். சுத்திகரிப்புக் கருவிக்குப் போட்ட பணத்தை வருமானத்தில் கழிக்க விட்டால், வரி கட்டும் பெரிய கம்பனிக்கு அதில் 30 சதவீதம் மிஞ்சும். வரிக் கோப்பே இல்லாத சின்ன மில்லுக்கு மிஞ்சுவது பூச்சியம். சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் மில்களை எண்ணிப் பார்த்தால் இரண்டாவது வகையே அதிகம் என்று தோன்றும். 2023 மார்ச்சில் தொடங்கிய சர்வதேச நாணய நிதியத் திட்டத்துக்குப் பிறகு புதிய விலக்குகளைத் தூக்கிக் கொடுக்கும் நிலையிலும் திறைசேரி இல்லை.

கடன் அப்படியல்ல, கொஞ்சம் உயிருள்ள வழி. ஆனால் வங்கி ஈடு கேட்கும். அம்பாறை மாவட்டத்தில் எத்தனையோ மில்கள் நிற்பது பெர்மிட் காணியில், அதாவது அரசு அனுமதியில் மட்டும் கொடுத்த காணியில். உறுதி (உரிமைப் பத்திரம்) இல்லாத காணியை வங்கி திரும்பிக்கூடப் பார்க்காது. அரசு வட்டியைச் சுமந்தால் மட்டும் போதாது. கடன் உத்தரவாதத்திலும் ஒரு பங்கைச் சுமக்க வேண்டும். இல்லையென்றால் சலுகைக் கடன் முழுக்க, சலுகையே தேவைப்படாதவருக்குப் போய்ச் சேரும்.

பெரிய ஓட்டை வேறு. கடன் தொட்டியை வாங்கித் தரும், மோட்டாரை ஓட வைக்காது. பரிசோதனைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் ஓடும் மோட்டார்களைப் பற்றி இந்தத் துறையில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மாதா மாதம் மின்சாரத்துக்குக் கட்டும் காசைவிட, ஓட்டாமல் விட்டால் கட்ட வேண்டிய காசு கூடுதலாக இருந்தால்தான் சுவிச்சில் கை போகும். இந்த இடத்தில் மூன்றாவது வழிக்கு இரண்டாவது வழி தேவைப்படுகிறது.

இடம் இருப்பவர்கள் மோட்டார் இல்லாத குளத் தொட்டிகளையும் மூடிய தொட்டியில் எரிவாயு பிடிக்கும் முறையையும் பார்க்கலாம். கடன் திட்டம் இவற்றுக்கும் திறந்திருக்க வேண்டும். இறக்குமதி இயந்திரத்துக்கு மட்டும் என்று எழுதினால் இயந்திர விற்பனையாளருக்குத்தான் கொண்டாட்டம்.

நாலாவது வழி: கூட்டுச் சுத்திகரிப்பு நிலையம்

அரசியல்வாதிகளுக்குப் பிடித்தது, ஏனென்றால் பெயர்ப்பலகை வைக்கலாம். கேலியை விடுவோம். சரியான இடத்தில் இது மிக நல்ல வழி. தொழில்கள் ஒரே இடத்தில் நெருங்கியிருக்க வேண்டும், கழிவும் ஒரே வகையாக இருக்க வேண்டும். மருதமுனையின் நெசவுக்குச் சாயமிடும் வேலைகளை ஒரு கொட்டகையின் கீழ் சேர்த்தால், அல்லது ஏறாவூர் புன்னைக்குடாவுக்கென்று திட்டமிட்ட துணி பதனிடும் வலயம் போன்ற இடங்களுக்கு, தனித்தனித் தொட்டியைவிடப் பொது நிலையம் மலிவு.

நெல் மில்கள் அப்படியில்லை. ஊருக்கு ஊர், வயலுக்கு வயல் சிதறிக் கிடக்கின்றன. கல்முனைக் கரையோரம் முழுக்க மணல், கையெட்டும் ஆழத்தில் கிணற்றுத் தண்ணீர். அங்கே குழாய் பதித்து அது ஓரிடத்தில் கசிந்தால் வாவியைக் காப்பாற்றப்போய்க் கிணற்றைக் கெடுத்த கதையாகிவிடும். பவுசர் லொறியில் ஏற்றி அனுப்பலாமே என்றால், இரவில் அந்தப் பவுசர் வாவியோரக் கிட்டங்கிப் பக்கம் திரும்பாது என்று யார் உத்தரவாதம் தருவது?

தமிழ்நாட்டுத் திருப்பூர் ஒரு எச்சரிக்கை. பொது நிலையங்கள் கட்டப்பட்டிருந்தும் நொய்யல் ஆறு சாயமாகவே ஓடியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகு, ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு நிலையங்கள் மாறுவதற்காக மாநில அரசு 200 கோடி இந்திய ரூபா வட்டியில்லாக் கடன் கொடுத்தது. தண்ணீரைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சும் உப்புக் குவியலை என்ன செய்வது என்ற தலைவலி தனி. கட்டிடம் கட்டும் பணம் எங்கிருந்தாவது வந்துவிடும். இருபது வருட ஓட்டச் செலவுக்கு யார் எந்தக் கணக்கில் பணம் கட்டுவது என்பதைக் கட்டிடம் எழும்புவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும்.

பக்கத்தில் பக்கத்தில்

| | உரிமம், தண்டம் | சுமைக் கட்டணம் | கடன், வரிச் சலுகை | கூட்டு நிலையம் |
|---|---|---|---|---|
| அளக்கும் வேலை | ஒவ்வொரு வழக்குக்கும் தேவை | தொன் கணக்கில் தொடங்கலாம் | குறைவு. அதுவே ஓட்டை | நிலைய வாசலில் மட்டும் |
| தினமும் மோட்டார் ஓடுமா | பிடிபடும் பயம் இருக்கும்வரை | ஓடும், வீதம் மின்சாரச் செலவை மிஞ்சினால் | நிச்சயமில்லை | பயனர் கட்டணம் வந்தால் |
| அரசுக்குச் செலவு | குறைவு | வரவு | வட்டியும் உத்தரவாதமும் | மிக அதிகம் |
| சின்ன மில்லுக்கு | சுமையில்லை, பயனுமில்லை | தாங்கும் | உறுதிக் காணி இருந்தால் நல்லது | தூரம் பொறுத்தது |
| பருவத்துக்கு ஏற்ப மாற்றலாமா | கடினம் | எளிது | முடியாது | முடியாது |
| பொருந்தும் இடம் | நச்சுக் கழிவு | சிதறிய நெல் மில்கள் | கட்டணத்துக்கு முந்திய இரண்டு வருடம் | சாயப் பட்டறை, தொழில் வலயம் |

எந்த இடத்தில் எது

நெல் மில்களுக்கு என் தெரிவு, முதலில் மூன்றாவது, பிறகு இரண்டாவது. அதிலும் கடன் விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே கட்டணம் தொடங்கும் திகதி அச்சிட்டிருக்க வேண்டும். திகதி இல்லாத சலுகை வெறும் அன்பளிப்பு. இரண்டு வருடம் கழித்து இன்னும் இரண்டு வருடம் நீட்டச் சொல்லிக் கொழும்புக்குத் தூது போவார்கள், நீட்டவும் படும். கட்டண வீதத்தை ரூபாவில் இறுக்கி எழுதாமல் விலைச் சுட்டெண்ணோடு கட்டிவிட வேண்டும். ஆயிரம் ரூபா உரிமத்துக்கு நேர்ந்த கதி அதற்கும் வரக்கூடாது. முகத்துவாரம் அடைபட்டிருக்கும் மாதங்களுக்கு வீதம் இரட்டிப்பு. அப்படியானால் மில்காரர் ஊறல் தண்ணீரை அந்த மாதங்களில் தேக்கி வைக்கவோ மறுபடி பயன்படுத்தவோ வழி தேடுவார். அதற்கு யாரும் பிரசங்கம் பண்ணத் தேவையில்லை.

மருதமுனைச் சாயத்துக்குக் கூட்டு நிலையம், ஆனால் பயனர் கட்டணம் முதல் நாளிலிருந்தே. நச்சுக் கழிவுக்குத் தண்டம், பேச்சே இல்லை.

சட்டத் திருத்தம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா என்று மீனவர் சங்கத்தார் கேட்கலாம். ஒன்று இப்போதே செய்யலாம். அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும்போது, மாதாமாதம் எத்தனை தொன் நெல் ஊறவைத்தார்கள் என்ற பதிவேட்டையும் நிபந்தனையாகச் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். நாளைக்குக் கட்டணம் வந்தால் அதைப் போட அந்தக் கணக்குத்தான் வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அதன் பிரதியைக் கேட்டு வாங்கவும் முடியும். அடுத்த சிறுபோக நெல் மில் வாசலுக்கு வருவதற்கு முன் அந்தக் கடிதம் சபைக்குப் போய்ச் சேர வேண்டும்.